அடியில் முத்திரை இல்லாத பானை

சேலத்தில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு பீங்கான் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பைச் சுற்றி நீலக் கொடி, நடுவில் ரோஜாக் கொத்து. "ஏற்காட்டுத் துரை பங்களா ஐட்டம் சார். எல்லாம் கையால வரைஞ்சது. விக்டோரியா மகாராணி காலம்" என்றார் கடைக்காரர். தட்டைக் கவிழ்த்தேன். அடியில் 'மேட் இன் இங்கிலாண்ட்' என்றிருந்தது. அப்போதே மகாராணி கணக்கிலிருந்து விலகிவிட்டார்.

பீங்கானின் ஜாதகம் அதன் அடியில்தான் இருக்கும். 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவு செய்த வடிவங்களுக்கு வைர வடிவில் ஒரு முத்திரை உண்டு. அதன் மூலைகளில் உள்ள எழுத்துகளும் எண்களும் நாள், மாதம், ஆண்டு வரை சொல்லிவிடும். 1884 முதல் அந்த வைரம் போய் வெறும் பதிவெண் வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதால் 1891 முதல் 'இங்கிலாண்ட்' என்ற சொல் சேர்ந்தது. 'மேட் இன்' என்பது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சேர்க்கை.

கையால் வரைந்தது என்ற பேச்சு முழுப் பொய்யில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீலக் கொடி அச்சு. விளிம்பில் ஓரிடத்தில் ஓர் இலை பாதியில் வெட்டுப்பட்டு, அதை ஒட்டி அடுத்த இலை தொடங்கியது. அச்சுத்தாளின் இரு முனைகளும் சந்தித்த இடம் அது. ரோஜாவின் கோடுகளும் அச்சுதான். ஆனால் இதழ்களின் சிவப்பு தூரிகையால் வைத்தது. கோட்டைத் தாண்டி வெளியே வழிந்திருந்தது. தூரிகையை எடுத்த இடத்தில் வண்ணம் திட்டாகக் கெட்டிப்பட்டிருந்தது. எந்த ஊரிலோ ஒரு பெண் டஜன் கணக்கில் கூலிக்குச் சிவப்பு தொட்டு வைத்திருக்கிறாள். தட்டில் இருந்த கைவேலை அவ்வளவுதான்.

அன்று நான் தட்டை வாங்கவில்லை. கடையை விட்டு வரும்போது ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. விக்டோரியா காலத்தில் கையால் வரைந்த அலங்காரப் பாண்டம் என்று உலகம் எதைச் சொன்னது? சேர்வராயன் மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் அதில் என்ன பங்கு?

விக்டோரியா 1837 முதல் 1901 வரை அரசாண்டார். அவர் பட்டத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பீங்கானில் அச்சு வந்துவிட்டது. செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து, பாண்டத்தில் ஒட்டித் தேய்க்கும் வேலை 1750களில் லிவர்ப்பூலில் பெரிய அளவில் நடந்தது. 1780களில் ஜோசையா ஸ்போட் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் நீல அச்சை வைக்கும் முறையைச் சீர்ப்படுத்தினார். அதே ஸ்போட் ஆலை 1810களில் இந்திய வேட்டைக் காட்சிகளைத் தட்டில் அச்சடித்து விற்றது. யானை மேல் துரை, எதிரே புலி, நடுவில் ஆட்டுக்கறி. இங்கே வேலைக்கு வருமுன்பே பல துரைமார்கள் இந்தியாவைத் தட்டில் பார்த்துவிட்டார்கள்.

ஆக, விக்டோரியா காலத்தில் கையால் வரைவது இரண்டு ஓரங்களில்தான் மிஞ்சியது. ஒரு ஓரம் மிக விலை உயர்ந்தது. உஸ்டர், டார்பி, மின்டன் ஆலைகளில் பெயர் பெற்ற ஓவியர்கள் பூவும் பறவையும் நிலக்காட்சியும் தீட்டினார்கள். மறு ஓரம் மிக மலிவானது. ஸ்டாஃபர்ட்ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஏழை வீடுகளுக்கான கிண்ணங்களில் சிறுமிகள் நாலு இழுப்பில் ஒரு பூ போட்டார்கள், கடற்பஞ்சை வெட்டி முத்திரை வைத்தார்கள். அச்சுத் தகடு செதுக்கும் செலவைவிட அந்தப் பிள்ளைகளின் கூலி குறைவு. நடுத்தர வீட்டுக்குப் போன சரக்கெல்லாம் நான் பார்த்த தட்டைப் போல அச்சுக்கோட்டுக்குள் வண்ணம் நிரப்பியவை. 'ஹேண்ட் பெயின்டட்' என்றாலே உயர்ந்தது என்று இன்று நினைக்கிறோம். அன்று அந்தச் சொல்லில் அரண்மனையும் இருந்தது, சேரியும் இருந்தது.

1870களில் கையால் வரைவதன் மேல் ஒரு மோகம் பிடித்தது. லண்டனில் மின்டன் நிறுவனம் 1871இல் ஓர் ஓவியக்கூடம் திறந்து, பயிற்சி பெற்ற பெண்களைப் பாண்டம் தீட்ட வைத்தது. 1875இல் அது தீயில் போனது. லாம்பெத்தில் டௌல்டன் நிறுவனம் பக்கத்து ஓவியப் பள்ளியோடு கூட்டு வைத்துக்கொண்டது. அங்கே ஹன்னா பார்லோ ஈரக் களிமண்ணில் மான், குதிரை, ஆடுகளைக் கீறி வரைந்து பெயர் வாங்கினார். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கூடம் வேலை கொடுத்தது. ஒவ்வொருத்தியும் தன் பெயரெழுத்தைப் பாண்டத்தின் அடியில் போட்டுக்கொள்ளலாம் என்பது பெரிய விஷயம். மற்ற சில ஆலைகளில் நிலைமை வேறு. வரையும்போது மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளும் கைத்தாங்கியைக்கூட ஆண் ஓவியர்கள் பெண்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. கை நடுங்கினால் வேலை மட்டம், வேலை மட்டமானால் கூலி மட்டம். கண்ணாடிப் பூச்சில் இருந்த ஈயம், பாண்டத்தை அதில் முக்கி எடுப்பவர்களின் உடம்பில் ஏறியது தனிக் கதை. அந்நூற்றாண்டின் கடைசியில்தான் அரசு அதைக் கேட்கத் தொடங்கியது.

வசதியான வீட்டுப் பெண்கள் வெள்ளைத் தட்டை வாங்கி வந்து வீட்டிலேயே பூ வரைந்து, சூட்டுக்குச் சூளைக்கு அனுப்பினார்கள். 1876 முதல் லண்டனில் ஹவல் அண்ட் ஜேம்ஸ் கடை இவற்றுக்கு ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குகிறது, கைவேலையின் கோணலில்தான் உயிர் இருக்கிறது என்று கலை விமர்சகர் ரஸ்கின் எழுதியது பரவிய காலம் அது. வில்லியம் டி மார்கன் துருக்கி, பாரசீகப் பாண்டங்களைப் பார்த்துப் பார்த்து நீலமும் பச்சையும் குழைத்தார். கைவேலை தங்கள் ஊரில் செத்துவிட்டது என்று நம்பியவர்களுக்கு அது உயிரோடு இருக்கும் இடம் ஒன்று தேவைப்பட்டது. கிழக்கே பார்த்தார்கள்.

அந்தக் கிழக்கில் துரைமார்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். சேலம் கலெக்டராக 1820களில் இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் காப்பி வைத்தார். 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம் எழுந்தது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயில் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. லண்டனில் வைக்கோல் பொதிந்த பெட்டியில் அடைத்த தேநீர்ச் செட்டு கப்பலேறி, ரயிலேறி, சேலத்தில் இறங்கி, பிறகு ஐயாயிரம் அடி உயரத்துக்குத் தலைச்சுமையாகப் போனது. நல்ல வண்டிப்பாதை வருமுன் மேலே போன ஒவ்வொரு பீங்கானையும் யாரோ ஒரு கூலிக்காரர் சுமந்திருக்கிறார். அது யார் வரைந்த ரோஜா என்பது அவருக்குத் தெரியாது, அவர் பெயர் அதை வரைந்தவளுக்கும் தெரியாது. துரை ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானை ஏலம் போட்டுவிட்டுப் போவது அக்கால மலை ஊர்களின் வழக்கம். சேலத்துப் பழைய சாமான் கடைகளுக்கு மூலதனம் அப்படி வந்தது.

ஏற்காட்டுக் காப்பியும் அதே வழியில் எதிர்த்திசையில் போய் லண்டனில் பூப்போட்ட கோப்பையில் விழுந்தது. இங்கே காப்பி நம் வீடுகளுக்குள் நுழைந்தபோது அந்தக் கோப்பை கூட வரவில்லை. பித்தளை டவராவும் டம்ளரும் வந்தன. பீங்கான் மண் இனம். ஒரு தடவை எச்சில் பட்ட மண் பாத்திரத்தைத் தேய்த்துச் சுத்தமாக்க முடியாது என்பது ஆசாரம். உலோகத்தைப் புளி போட்டுத் துலக்கினால் தீர்ந்தது. பீங்கான் என்ற சொல் பாரசீகத்திலும் மலாயிலும் வழங்கிய சொல். அந்தப் பாண்டம் கடல்வழி வந்து நம்மிடம் எத்தனையோ காலமாக இருக்கிறது. இஸ்லாமியர் வீடுகளில் விருந்துத் தட்டாகவே இருந்தது. மற்ற வீடுகளில் ஊறுகாய் ஜாடியாகப் பரணில் ஏறிக்கொண்டது. புளிப்பும் உப்பும் உலோகத்தைத் தின்னும், பீங்கானைத் தின்னாது. வாய் வைக்காத பாத்திரம் என்பதால் ஆசாரமும் கண்டுகொள்ளவில்லை. செட்டிநாட்டில் அது சுவரேறியது. ஐரோப்பியப் பூ ஓடுகளைப் பதித்தார்கள். ரவிவர்மா படங்களைப் பார்த்து ஜெர்மனியில் செய்த பீங்கான் தெய்வங்களைப் பிற்பாடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அப்போதும் அதில் சாப்பிடவில்லை.

இந்த மலையில் மண்பாண்டத்தை உற்றுப் பார்த்த ஒருவர் இருந்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அவரிடம் தொடங்குகிறது. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார். அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் கண்ணை மூடினார். பானையையும் சோற்றையும் சட்டியையும் அகப்பையையும் பற்றிய நம் பழமொழிகளை மாமனார் சேர்த்தார். மருமகன் பானை ஓட்டையே சேர்த்தார். சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கருவிகளும் சுடுமண் பொருட்களும் அந்தச் சேகரிப்பில் உண்டு. உடைந்த ஓட்டுச் சில்லை நிறம், மெருகு, கீறல் அலங்காரம் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். 1904இல் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் பட்டியல் 1914லும் விளக்கக் குறிப்புகள் 1916லும், அவர் 1912இல் இறந்த பிறகு, வெளிவந்தன. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய பானைக்கு அந்த மரியாதை கிடைத்தது. அதே மலையடிவாரத்தில் அன்றைக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவரின் பானைக்குக் கிடைக்கவில்லை. ஃபூட் மேல் குறை சொல்லவில்லை, அவர் துறை அது.

அன்றைய பானையைக் கவனிக்க வேண்டியவர்கள் சென்னையில் இருந்தார்கள். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சொந்தச் செலவில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு தொழிற்கலைப் பள்ளி ஒன்றும் சேர்ந்தது. 1855இல் அரசு ஏற்றது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். ஹன்டருக்கு மண் பைத்தியம். மாகாணமெங்கும் களிமண் வகைகளைத் தேடி எடுத்துச் சுட்டுப் பார்த்தார். கண்ணாடிப் பூச்சு வைத்த பாண்டம், கைப்பிடிச் சுவர்த் தூண், ஓடு, குழாய் என்று பள்ளி செய்து தள்ளியது. பம்பாய்க் கலைப் பள்ளியில் ஜார்ஜ் டெர்ரி 1870களில் அஜந்தா ஓவியங்களையும் சிந்து மாகாணத்துக் குயவர் நுட்பத்தையும் கலந்து ஜாடிகள் தீட்ட வைத்தார். அவை லண்டன் வரவேற்பறைகளுக்கென்றே செய்தவை. நம் ஊர்க்காரர் யாரும் அவற்றில் தண்ணீர் மொண்டு குடித்திருக்க மாட்டார்.

ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இல் வெளியிட்ட இந்தியக் கைத்தொழில் நூலில் மதுரையின் கண்ணாடிப் பூச்சுப் பாண்டத்தைத் தனியாக எடுத்துப் பாராட்டினார். அதன் வடிவ எளிமையும் பச்சை, பழுப்பு மெருகும் அவருக்குப் பிடித்திருந்தன. வட ஆர்க்காட்டில் கரிகிரிப் பாண்டமும் கண்காட்சிகளுக்குப் போனது. இரட்டைச் சுவர் வைத்து, வெளிச்சுவரில் வலை போலத் துளையிட்ட கூஜாக்கள் அதன் அடையாளம். வேலூர்ப் பக்கம் கரிகிரியில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எதிலும் தூரிகை ஓவியம் இல்லை. மெருகும் கீறலும் துளையும்தான். ஆக, கண்காட்சிப் பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் தமிழ்நாட்டில் கையால் வரைந்த பாண்டம் இல்லவே இல்லை.

பாராட்டிய அதே பேர்ட்வுட் 1910இல் லண்டனில் ஒரு கூட்டத்தில், இந்தியாவில் உயர்கலை என்று ஒன்றும் கிடையாது என்று சொல்லி, ஒரு புத்தர் சிலையைக் கொழுப்பில் வேகவைத்த களிக்கு ஒப்பிட்டார். அதற்கு எதிர்வினையாகப் பிறந்ததுதான் இந்தியக் கலைக்கான இந்தியா சொசைட்டி என்ற சங்கம். எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ஈ.பி. ஹாவல். 1884இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தவர் அவர். பானையைப் புகழ்ந்துவிட்டுச் சிலையை இகழ்வதில் முரண்பாடு ஏதும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பானை செய்பவன் பானையோடு இருக்கட்டும் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, ஏன் இங்கே கண்ணாடிப் பூச்சும் அதன்மேல் ஓவியமும் வேர்விடவில்லை? தெரியாமை என்று பலர் எழுதிவிட்டார்கள். மதுரையும் கரிகிரியும் இருக்கும்போது அது நிற்காது. காரணம் தண்ணீர்ப் பானையிலேயே இருக்கிறது. பூச்சில்லாத பானையின் சுவரில் நீர் கசிந்து, காற்றில் உலரும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பது குளிர்கிறது. சித்திரை வெயிலில் சேலத்தில் பானைத் தண்ணீர் குடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுவரில் கண்ணாடியைப் பூசினால் கசிவு அடைபட்டது, குளிர்ச்சியும் போனது. இங்கிலாந்தில் அலங்காரம் ஒரு பாத்திரத்தை உயர்த்தியது. இங்கே அதே அலங்காரம் பாத்திரத்தின் வேலையைக் கெடுத்தது.

சூளையும் ஒரு காரணம். ஊர்க் குயவர் வைக்கோலும் விறகும் எருவும் அடுக்கி, மேலே மண் மெழுகிச் சுடும் சூளையில் எழுநூறு எண்ணூறு பாகை சூடு வரும். ஸ்டாஃபர்ட்ஷயர்ப் பாண்டத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். அதுவும் இரண்டு முறை, மேல் வண்ணம் வைத்தால் மூன்றாம் முறையும். அதற்கு நிலக்கரி வேண்டும், அடைத்த உலை வேண்டும், உலைச் சுவர் உருகாமல் நிற்கும் செங்கல் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த மாதிரி உலைச் செங்கலுக்கான மூலப்பொருள் சேர்வராயன் அடிவாரத்திலேயே கொட்டிக் கிடந்தது. சேலத்துக்கும் மலைக்கும் நடுவே வெள்ளையாகத் தெரியும் குன்றுகளை வெள்ளைக்காரர் சுண்ணாம்புக் குன்று என்றார்கள். அது சுண்ணாம்பில்லை, மேக்னசைட். வெட்டியெடுத்து எஃகு உலைகளுக்கு அனுப்பினார்கள். குயவர் சூளைக்கு அது வரவே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பானையின் ஆயுள். பொங்கலுக்குப் புதுப்பானை. சாவு விழுந்த வீட்டில் பழம்பானை தெருவுக்குப் போகும். கொள்ளிக்குடம் சுடுகாட்டில் உடையும். உடைவதற்கென்றே செய்த பொருளில் நூறாண்டு நிற்கும் ரோஜாவை யார் சுட்டு வைப்பார்கள்?

அதனால் வரையாமல் விட்டார்களா என்றால், இல்லை. கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் அடுக்கும் அரசாணிப் பானையைப் பாருங்கள். செம்மண் பானை மேல் சுண்ணாம்பால் வளைவளைவாகக் கோடு, இடையில் காவிப் பட்டை, புள்ளி, கொடி. ஒருமுறை மலையடிவாரத்தில் ஒரு குயவர் வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மாள் வரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தென்னங்குச்சியின் நுனியைக் கல்லால் நசுக்கித் தூரிகையாக்கியிருந்தார். இடது கையால் பானையைத் திருப்பிக்கொண்டே போனார், வலது கை அசையவில்லை. கோடு தானாகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. இலை பாதியில் வெட்டுப்படவில்லை. ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு கண்ணுக்கே தெரியாது. காயக் காயத்தான் வெளுத்து வரும். "எப்படிம்மா தெரியாமலே போடுறீங்க?" என்றேன். "கைக்குத் தெரியும் சாமி, கண்ணுக்கு எதுக்கு?" என்றார். கைத்தாங்கி எதுவும் அவரிடம் இல்லை.

ஐயனார் குதிரைக்கும் கொலுப் பொம்மைக்கும் இதே கதைதான். சுட்டபின் வண்ணம் பூசுவார்கள். மழை வந்தால் கரையும், அடுத்த திருவிழாவுக்குப் புதுசு பூசுவார்கள். லண்டன் நிபுணர்களின் அளவுகோலில் சுடாத வண்ணம் பாண்ட ஓவியமே இல்லை. நிலைக்காதது, தேய்த்தால் போவது, பெயரில்லாதது, மட்டமானது. இந்த அளவுகோலைத்தான் நான் ஏற்கவில்லை. விக்டோரியா காலத்து ரசிகர்கள் தேடியது கை தன் போக்கில் ஓடிய கோட்டை. அது இங்கே தை மாதம் முழுக்கத் தெருவில் தலைச்சுமையாக விற்றது. அவர்கள் தேடிய இடம் கண்ணாடிப் பூச்சின் மேல். அது இருந்த இடம் வெறும் மண்ணின் மேல்.

பானைக்கு எதிரி பீங்கான் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் வேலையைத் தொடங்கினார். பாண்டத்தை உயர்த்த வந்த பள்ளியிலிருந்தே அதை ஒழிக்கும் பாத்திரம் புறப்பட்டது. 1960களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தது. அதற்கான பாக்சைட்டைச் சேர்வராயன் மலையிலிருந்து வெட்டி இறக்கினார்கள். பீங்கான் மேலே ஏறிய மலையிலிருந்து அலுமினியம் கீழே இறங்கியது. சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் அப்படித்தான் போயின. வரைந்த பானை மட்டும் தப்பியது, அதற்குச் சமையலில் வேலை இல்லாததால்.

இப்போது சுண்ணாம்பு இருந்த இடத்தில் எனாமல் பெயின்ட் வந்துவிட்டது. கல்யாண மண்டபங்கள் ஒரே அரசாணிப் பானையை வருஷக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை, ஆனால் வரைபவருக்கு அது சௌகரியம், நான் சொல்ல என்ன இருக்கிறது. லண்டனில் ஹன்னா பார்லோவின் ஜாடியைக் கவிழ்த்தால் அவர் பெயரெழுத்து இருக்கும். நம் பானையைக் கவிழ்த்தால் சூளைக் கரி மட்டும்தான். அடுத்த பொங்கலுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ வரைந்த பானை வாங்கினால், உடைவதற்குள் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், தேதி இரண்டையும் அதில் குறியுங்கள். வரைந்தவர் பெயரைக் கேட்டு, அவர் சரி என்றால் அதையும் எழுதிவையுங்கள்.